முதலில் இறங்க வேண்டிய மலை

மலையேற்றம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெருவில் நான் போன மலையில் முதல் நாள் முழுவதும் இறக்கம்தான். கபுலியோக் என்ற முகட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில், வண்டி எங்களை இறக்கிவிட்டது. காலடியில் பெரும் பள்ளத்தாக்கு. அதன் அடியாழத்தில் வெள்ளை நூல் போல அபுரிமாக் ஆறு. எதிர்ச்சரிவில், நாங்கள் நின்ற அதே உயரத்தில், இரண்டு மூன்று தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. வழிகாட்டி கையை நீட்டி, "அது மரம்பாத்தா. நாளை இரவு அங்கே தூங்குவோம். அந்த முகட்டைத் தாண்டினால் சோக்கேகிராவ்" என்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம் போலத்தான் தெரிந்தது. ஆனால் 1,400 மீட்டர் கீழே இறங்கி, பாலத்தைக் கடந்து, மீண்டும் 1,400 மீட்டர் ஏறினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால் இதே இறக்கமும் ஏற்றமும் இன்னொரு முறை காத்திருந்தன.

நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். இருவரும் சேர்ந்து ஒரு நெடிய நடை போக வேண்டும் என்பது அம்மா இருந்த காலத்திலேயே பேசிக்கொண்டது. முதலில் நினைத்தது, ஸ்பானியர்களுக்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களின் மலை நகரமான மச்சு பிச்சுவுக்குப் போகும் நான்கு நாள் இன்காப் பாதையைத்தான். அதில் நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் அந்த 500-க்குள் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 200 இடங்கள். பிப்ரவரி மாதம் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். ஜூன் மாதம் போக வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். தங்கைக்கு விடுப்பு உறுதியானதே ஏப்ரலில்தான். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

அப்படித்தான் சோக்கேகிராவ் எங்கள் கண்ணில் பட்டது. இன்காக்கள் கட்டிய மலை நகரம். ரயில் இல்லை, பஸ் இல்லை. நடந்தோ கோவேறு கழுதையின் மேல் ஏறியோதான் போக முடியும். இன்காப் பாதை போல மாதக்கணக்கில் காத்திருக்கவும் தேவையில்லை. போய்வந்து ஓராண்டாகிறது. இடம் கிடைக்காமல் போனதற்கு இன்று நன்றி சொல்கிறேன்.

தயாரிப்பில் நான் சரியாகச் செய்தது ஒன்று, தவறாகச் செய்தது ஒன்று. சரியாகச் செய்ததை முதலில் சொல்கிறேன். பெரு மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கே போய்விட்டு ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போக அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். இந்த ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். நான் ரயிலேறி சென்னைக்குப் போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். டிக்கெட் வாங்கிய கையோடு இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தவறாகச் செய்தது பயிற்சி. இரண்டு மாதங்கள், வாரத்துக்கு நான்கு நாட்கள் மருதமலைப் படிகளில் ஏறினேன். 800-க்கும் மேற்பட்ட படிகள். முதல் வாரம் ஏழு இடங்களில் உட்கார்ந்தவள், கடைசி வாரத்தில் ஓரிடத்திலும் நிற்காமல் மேலே போனேன். முருகனைக் கும்பிட்டுவிட்டு, கீழே வர கோயில் பஸ்ஸைப் பிடித்துக்கொள்வேன். முட்டிக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைப்பு. இறங்குவதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அது நமக்கு உடனே தெரிகிறது, நின்றுவிடுகிறோம். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் மொத்த எடையையும் முன்தொடைத் தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும். நீங்கள் பயிற்சி எடுக்கும்போது ஏறுவதற்கு பஸ் பிடித்தாலும் பரவாயில்லை, இறங்குவதைக் காலால் செய்யுங்கள். முதுகில் ஐந்து கிலோ சுமையோடு செய்யுங்கள்.

இன்காக்களின் பழைய தலைநகரான குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோக்கேகிராவ் இருப்பதோ 3,000 மீட்டர் அளவில்தான். ஆகவே உயரத்தினால் வரும் தலைவலியும் வாந்தியும் பாதையில் வருவதைவிட ஊருக்குள்ளேயே வரக்கூடும். விமானத்தில் குஸ்கோ போய் இறங்கியவர்களில் விவரம் தெரிந்தவர்கள் அன்றே வண்டி பிடித்து, 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயந்தாய்தம்போ பக்கம் இறங்கி இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். கோக்கா இலைத் தேநீர் எங்கே போனாலும் தருகிறார்கள். குடிக்க இதமாக இருக்கிறது. அந்த இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது சட்டப்படி குற்றம்.

பயணத்தை ஏற்பாடு செய்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குஸ்கோவில் நாங்கள் முதலில் விசாரித்த இடத்தில் விலை மிகக் குறைவாக இருந்தது. தங்கை விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கழுதை ஓட்டுபவருக்கு இரவில் கூடாரம் உண்டா, அவருக்கும் எங்களோடு சாப்பாடு உண்டா, வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஏற்றிவர ஒரு விலங்கு கூட வருமா? அதற்கெல்லாம் மழுப்பலாகத்தான் பதில் வந்தது. விலை எங்கே குறைந்தது என்று அப்போது புரிந்துவிட்டது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வேறிடத்தில் பதிந்தோம். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சாப்பாட்டிலும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். சைவம் என்று சொன்னால் தட்டில் இறைச்சித் துண்டு இருக்காது, ஆனால் சூப் கோழி வெந்த நீராக இருக்கலாம். கோழி, மீன், இறைச்சி, அவற்றை வேகவைத்த நீர் எதுவும் கூடாது என்று ஸ்பானிய மொழியில் எழுதி வாங்கி, சமையல்காரர் கையிலேயே கொடுத்தோம். அதன் பிறகு ஐந்து நாளும் கினுவா கஞ்சியும் சோளமும் அவகாடோவும் விதவிதமான உருளைக்கிழங்கும் வயிறார உண்டோம். நம் வீட்டு உருளைக்கிழங்கு அந்த மலைகளில் பிறந்தது. நம் மிளகாயும் அந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். கூடாரத்தில் சமையல்காரர் அரைத்துத் தந்த ரொகோத்தோ மிளகாய்ச் சட்னியை ருசித்தபோது அம்மாவின் அம்மி நினைவுக்கு வந்தது.

குழுவில் நாங்கள் ஆறு பேர். ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர், இரண்டு அர்ரியேரோக்கள். கோவேறு கழுதை ஓட்டுபவரை அங்கே அர்ரியேரோ என்கிறார்கள். மூத்த அர்ரியேரோவுக்கு நாற்பது வயது இருக்கும், கச்சோரா ஊர்க்காரர். ஸ்பானிய மொழி பேசுவார் என்றாலும் கழுதைகளிடமும் எங்களிடமும் அந்த மலை மக்களின் மொழியான கெச்சுவாவில்தான் பேசினார். என்னை 'மமாய்' என்று கூப்பிட்டார். 'என் அம்மா' என்று பொருளாம். வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். தங்கை ஒவ்வொரு வளைவிலும் "அக்கா, பார்த்து" என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது. காரணத்தை வழிகாட்டி மாலையில்தான் சொன்னார். சோளத்தில் காய்ச்சும் சிச்சா என்ற பானத்துக்குக் கெச்சுவாவில் ஏறக்குறைய அதே ஒலிதான் பெயர். 'அக்கா' என்றால் உடன்பிறந்த மூத்தவள் என்று விளக்கினோம். பெண் தன் சகோதரியைக் கூப்பிட ஒரு சொல், ஆண் தன் சகோதரியைக் கூப்பிட வேறொரு சொல் என்று கெச்சுவாவில் பிரித்து வைத்திருக்கிறார்களாம். "எங்கள் மொழியில் நீங்கள் இருவரும் ஞாஞா" என்றார் வழிகாட்டி.

இறங்கத் தொடங்கினோம். முதல் ஒரு மணி நேரம் உற்சாகமாகவே போயிற்று. பாதை அகலமானது, வளைந்து வளைந்து போகிறது. மேலே தூசியாக உதிரும் மண், அதன் மேல் கோலிக்குண்டு போன்ற சரளைக்கல். கால் வைத்தால் கல் உருளும். இரண்டாவது மணி நேரத்தில் என் இரண்டு கட்டைவிரல்களும் காலணியின் முனையில் போய் முட்டத் தொடங்கின. மூன்றாவது மணி நேரத்தில் நின்ற இடத்திலேயே தொடைகள் நடுங்கின. நடக்கும்போதைவிட நிற்கும்போது நடுக்கம் அதிகமாக இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று பயந்தேன்.

வழிகாட்டி என் முன்னால் மண்டியிட்டு, காலணியின் கயிற்றை முழுக்க அவிழ்த்தார். குதிகாலைப் பின்பக்கமாக நன்றாகத் தட்டி அமர்த்தினார். கணுக்காலுக்குக் கீழே கயிற்றை ஒரு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்து இறுக்கினார். பாதம் முன்னால் சரிவது அந்தக் கணமே நின்றுவிட்டது. ஊன்றுகோல் இரண்டையும் ஒரு சாண் நீளமாக்கிக் கொடுத்தார். ஏறும்போது குட்டை, இறங்கும்போது நெட்டை. கோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டு, பிறகே காலை இறக்க வேண்டும். முட்டியை விறைப்பாக வைக்காமல் எப்போதும் சற்று மடக்கியே வைத்திருக்க வேண்டும். பெரிய அடியாக ஒன்று வைக்கும் இடத்தில் சிற்றடியாக மூன்று. இத்தனையும் ஐந்து நிமிடப் பாடம். இதை ஊரிலேயே கற்றிருந்தால் வலது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்திருக்காது. காலணியை வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பின்னாலிருந்து அர்ரியேரோ, "அல்லில்லமந்தா, மமாய்" என்றார். மெதுவாக, பத்திரமாக என்று பொருள். அந்த ஐந்து நாட்களில் அந்தச் சொல்லை நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

அன்றைக்குக் கற்ற இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. எதிரே சுமையோடு கழுதைகள் வருகின்றன. வழிவிட வேண்டும் என்ற மரியாதையில் நான் பாதையின் வெளி ஓரத்துக்கு, பள்ளத்தின் பக்கமாக ஒதுங்கி நின்றேன். பின்னாலிருந்து ஒரு கூச்சல். திரும்புவதற்குள் அர்ரியேரோ என் பையைப் பிடித்து இழுத்து மலைச்சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டார். அடுத்த நொடியே கழுதைகள் கடந்தன. முதல் கழுதையின் இருபுறமும் சமையல் எரிவாயு உருளைகள் புடைத்துக்கொண்டிருந்தன. சுமையின் விளிம்பு நான் நின்றிருந்த இடத்தின் மேல் முழுசாக உரசிப் போயிற்று. தன் சுமை எவ்வளவு அகலம் என்று கழுதைக்குத் தெரியாது. மலைச்சுவரில் இடிக்காமலிருக்க அது வெளி ஓரமாகவே நடக்கும். கழுதை மணி கேட்டால் எந்த நேரமானாலும் சுவர்ப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளுங்கள். புகைப்படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முதல் இரவு சிக்கிஸ்காவில். ஆற்றுக்கு மேலே ஒரு சிறு தோட்டமும் இரண்டு மூன்று குடிசைகளும் உள்ள இடம். அங்கே படுத்தபோதுதான் ஆற்றின் குரல் கேட்டது. கெச்சுவாவில் 'அபு' என்றால் தலைவன், மலைத்தெய்வம். 'ரிமாக்' என்றால் பேசுபவன். பேசும் தெய்வம் என்று ஆற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் ஒருநாள் இரவாவது அந்தச் சரிவில் படுத்திருக்க வேண்டும். கூடாரத் துணியின் வழியாக, இடைவிடாத, அடித்தொண்டைப் பேச்சு.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டார்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் மீதி இறக்கம். வெயில் ஏறுவதற்குள் எதிர்ச்சரிவில் பாதியாவது ஏறிவிட வேண்டும் என்பதே கணக்கு. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி 1,500 மீட்டர்தான், உலை போலக் கொதிக்கும். பிளாயா ரோசலினாவில் பாலத்தைக் கடந்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. இதே ஆற்றின் மேல்பகுதியில், கெஸ்வாசாக்கா என்ற இடத்தில், நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒவ்வோர் ஜூன் மாதமும் புல்லைக் கயிறாகத் திரித்துப் பாலம் கட்டுகிறார்கள். பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விட்டுவிட்டு மூன்று நான்கு நாளில் புதிதாகக் கட்டிவிடுவார்களாம். நாங்கள் நடந்த பாலம் இரும்பு. ஆனாலும் நடுவில் நின்று கீழே ஓடும் நீரைக் கேட்டபோது அந்தப் புல் கயிறுகளைத்தான் நினைத்தேன்.

ஆற்றங்கரையில் சின்னஞ்சிறு ஈ ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துச் சிவந்த புள்ளியாகித் தடிக்கும், ஒரு வாரம் அரிக்கும். அதற்குப் 'பூமா வகாச்சி' என்று பெயர், பூமா என்ற மலைச் சிங்கத்தையே அழவைப்பது. முழுக்கைச் சட்டை, கால் முழுவதும் மறையும் பேண்ட், கழுத்துக்கு ஒரு துண்டு. இவை மூன்றும் இல்லாமல் அங்கே உட்காரவே கூடாது. குழுவில் அரைக்கால் சட்டையோடு வந்த இளைஞரின் கெண்டைக்காலில் மறுநாள் எண்ண முடியாத அளவுக்குத் தடிப்புகள்.

எதிர்ச்சரிவு ஏற்றம் ஆறரை மணி நேரம் எடுத்தது. மருதமலைப் பயிற்சி இங்கேதான் கைகொடுத்தது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நூறு அடி, ஒரு மூச்சு, ஒரு மடக்குத் தண்ணீர். மூன்று லிட்டர் தண்ணீரும் நான்கு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எனக்கு ஆயிற்று. வழியில் சாந்தா ரோசாவில் ஒரு குடும்பம் தண்ணீரும் பழமும் விற்கிறது. கழுதை முதுகில் வந்து சேர்ந்த தண்ணீர் என்பதால் விலை நகரத்தைப் போல மூன்று மடங்கு. அதில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பெருவின் பணமான சோலைச் சில்லறை நோட்டுகளாகக் குஸ்கோவிலேயே மாற்றி எடுத்து வந்துவிடுங்கள், பாதையில் ஏ.டி.எம். எதுவும் கிடையாது.

தங்கைக்கு நடுவழியில் தலை சுற்றியது. கூட வந்த சுமையில்லாத கழுதையில் ஏறிக்கொள்ளும்படி வழிகாட்டி சொன்னார். அவள் மறுத்தாள். நடந்தே போய்ச் சேர வேண்டும் என்று பிடிவாதம். அவர் கோபப்படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. நிழலில் உட்காரவைத்து, கால்களை உயர்த்தி வைத்து, உப்புக் கரைசலைக் குடிக்கச் செய்து, நாற்பது நிமிடங்கள் காத்திருந்தார். பிறகு, "இப்போது நீங்கள் விழுந்தால் நான்கு பேர் உங்களைத் தூக்க வேண்டும். கழுதைக்கு அது தினசரி வேலை" என்றார். அவள் ஏறிக்கொண்டாள். தனியாகப் போகலாம், வழி தவற வாய்ப்பில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், இருப்பது ஒரே பாதை. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது பிடிவாதத்தை விட வேண்டும் என்பதைச் சொல்ல அன்றைக்கு எங்களுக்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் முழுவதும் சோக்கேகிராவுக்கு. மரம்பாத்தாவிலிருந்து மேலும் கீழுமாக இரண்டு மணி நேர நடை. காட்டுக்குள்ளிருந்து திடீரென்று பாதை திறக்கிறது, புல்வெளிச் சதுக்கம், சுற்றிலும் கல்வீடுகள். அன்று அந்த நகரம் முழுவதிலும் இருந்தவர்களை எண்ணினேன். எங்களையும் சேர்த்துப் பதினேழு பேர். மச்சு பிச்சுவுக்கு நாளொன்றுக்கு 4,500 பேரும் அதற்கு மேலும் வருகிறார்கள்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். குஸ்கோவில் கத்தி நுழையாத அளவுக்கு இழைத்துப் பொருத்திய பெருங்கற்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றமாக இருக்கலாம். கற்கள் சிறியவை, ஒழுங்கற்றவை, இடையில் களிமண் சாந்து. வழிகாட்டி ஒரு கல் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஓரத்தை விரலால் தட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்தது. இந்த மலையில் கிடைக்கும் கல் இப்படித்தான். குஸ்கோவின் கல்லைப் போல இழைக்க இது இடம் கொடுக்காது. அதனால் சிறு கற்களை அடுக்கி, சாந்து பூசி, மேலே மண்பூச்சு கொடுத்தார்கள். கிடைத்த கல்லுக்கு ஏற்றபடி கை மாறியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தச் சுவர்களை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். ஒரு வீட்டின் உட்சுவரில் மண்பூச்சு இன்னும் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. ஐந்நூறு ஆண்டுகள் தாங்கியது என் விரல்பட்டு உதிர வேண்டாம்.

1532-இல் ஸ்பானியர்கள் வந்தார்கள். 1536-இல் இன்கா அரசர் மான்கோ இன்கா, அவர்கள் பிடித்துவைத்திருந்த குஸ்கோவை முற்றுகையிட்டார், மீட்க முடியவில்லை. மறுஆண்டு இந்த வில்கபம்பா மலைகளுக்குள் பின்வாங்கினார். அவருடைய வம்சம் 1572-இல் கடைசி அரசர் துபாக் அமாரு குஸ்கோ சதுக்கத்தில் கொல்லப்படும் வரை இந்தக் காடுகளில் ஒரு சிற்றரசை நடத்தியது. கபுலியோக்கிலிருந்து இறங்கி ஏறிய பிறகு அந்த வரலாறு எனக்குக் காலால் புரிந்தது. குதிரைப்படை இந்தப் பள்ளத்தாக்கில் எப்படி வந்திருக்கும்? அமெரிக்க ஆய்வுப் பயணி ஹிராம் பிங்கம் 1909 பிப்ரவரியில், கொட்டும் மழைக்காலத்தில் இங்கே வந்தார். 1911 ஜூலையில் மச்சு பிச்சுவைப் பார்ப்பதற்கு முன்பு, இன்கா நகரங்களைத் தேடும் ஆர்வத்தை அவருக்குள் மூட்டியது இந்த இடம்தான். அவருக்கு முன்பே 1834-இல் சார்த்திஜ் என்ற பிரெஞ்சுக்காரர் வந்திருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் வழிகாட்டியது இந்தச் சரிவுகளில் வாழ்ந்தவர்கள்.

பிற்பகலில் லாமா படிவயல்களுக்கு இறங்கினோம். பலர் களைத்துப்போய் இதை விட்டுவிடுகிறார்கள். மேலே திரும்பி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் விடாதீர்கள். செங்குத்தான சரிவில் அடுக்கடுக்காகப் படிவயல்கள். சாம்பல் நிறக் கல்லால் ஆன அந்தத் தாங்குசுவர்களுக்குள், வெள்ளைக் கல்லைப் பதித்து, அந்த மலைகளின் சுமை விலங்கான லாமாவின் உருவங்கள். இருபதுக்கும் மேற்பட்டவை, பெரியதும் சிறியதுமாக, ஒரே திசையில் நடந்து போகின்றன. மேல் அடுக்குகளில் வெள்ளைக் கல்லில் நெளிகோடு. 2000-களின் நடுப்பகுதியில்தான் புதரை அகற்றி இவற்றை வெளிக்கொண்டு வந்தார்கள். அத்தனை நூற்றாண்டும் அந்த மந்தை செடிகொடிகளுக்குள் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் அர்ரியேரோ சுவரருகே போய், ஒரு லாமாவின் காலைச் சுட்டிக்காட்டினார். கால்கள் நேராக இல்லை, முன்கால் சற்று மடங்கியிருக்கிறது. "சுமை ஏற்றிய லாமா இறங்கும்போது இப்படித்தான் வைக்கும்" என்று அவர் சொன்னதாக வழிகாட்டி மொழிபெயர்த்தார். அறிஞர்கள் அப்படிச் சொல்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. ஆயுள் முழுவதும் விலங்குகளின் கால்களைப் பார்த்துக்கொண்டே மலையிறங்கும் ஒருவர் சொன்னது. எனக்கு அது போதும்.

இங்கே கம்பி வண்டி (கேபிள் கார்) அமைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. வந்தால் சில நிமிடங்களில் பள்ளத்தாக்கைக் கடந்துவிடலாம். முட்டி தேய்ந்தவர்களும் முதியவர்களும் பார்க்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. மரம்பாத்தா குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் நடந்துதான் மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கே தங்கியபோது கேட்டேன். எதிர்க்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் புல்வெளியில் வரிசை கட்டி நிற்கும் ஆயிரம் பேரை நினைத்தால் மனம் கனக்கிறது.

நான்காம் நாள் ஆறு வரை இறங்கி, சிக்கிஸ்காவுக்கு ஏறினோம். இந்த முறை கயிற்றை நானே கட்டிக்கொண்டேன், தொடை நடுங்கவில்லை. ஐந்தாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குக் கபுலியோக்கில் ஏறி நின்றோம்.

அன்பளிப்புப் பணத்தை அவரவர் கையில் நேரடியாகக் கொடுத்தோம். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மூத்த அர்ரியேரோ நோட்டுகளை எண்ணாமல் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் பைகளை இறக்கிய கையோடு கழுதைகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, சேணம் உரசிய இடங்களில் ஏதோ தைலம் பூசினார். அடுத்த குழு அங்கேயே காத்திருந்தது. புதிய கூடாரங்கள், புதிய எரிவாயு உருளைகள், அரிசி மூட்டை. அரை மணி நேரத்தில் சுமை கட்டி முடித்துவிட்டார். நாங்கள் வண்டியில் ஏறும்போது அவர் மணியை ஆட்டிக்கொண்டு முதல் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தார். பெண் தன் சகோதரனைக் கூப்பிடும் சொல்லை வழிகாட்டியிடம் முந்தைய இரவே கேட்டு வைத்திருந்தேன். கையை வாயருகே குவித்து, "அல்லில்லமந்தா, துராய்" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை, தொப்பியை மட்டும் உயர்த்திக் காட்டினார்.